குடியை நிறுத்த ஒரு கூட்டம்: கடலூரிலும் புதுச்சேரியிலும் தேடிப் போகிறவருக்கு முழுமையான வழிகாட்டி

கடலூரில் புதுச்சேரி பஸ் ஏறினால் ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில், புதுச்சேரி எல்லையில் முள்ளோடை. அங்கே பஸ் பாதி காலியாகும். இறங்குகிறவர்கள் எதற்காக இறங்குகிறார்கள் என்று கண்டக்டருக்கும் தெரியும், பக்கத்து இருக்கை அம்மாவுக்கும் தெரியும். பதினோரு ஆண்டுகள் நானும் அங்கே இறங்கினேன். எல்லைக்கு அப்பால் சரக்கு விலை குறைவு என்ற கணக்கு ஒரு சாக்கு. கடலூர் டாஸ்மாக் வாசலில் தெரிந்தவர் யாரும் பார்க்கக் கூடாது என்பது இன்னொரு சாக்கு. இப்போது அதே பஸ்ஸில் முள்ளோடையைத் தாண்டிப் போகிறேன், வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு கூட்டத்துக்காக.

அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. கண்டுபிடித்த பிறகு வாசலைத் தாண்டி உள்ளே போக இன்னும் ஆறு வாரங்கள். உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: உங்களை நீங்களே கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் எளிய சோதனை ஒன்று உண்டு. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்திருக்கிறீர்களா? உங்கள் குடியைப் பற்றி யாராவது பேசினால் எரிச்சல் வந்திருக்கிறதா? குடித்ததற்காகக் குற்ற உணர்ச்சி வந்திருக்கிறதா? காலையில் எழுந்ததும் நடுக்கத்தை அடக்கவோ தலைவலியைப் போக்கவோ குடித்திருக்கிறீர்களா? இரண்டுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலே டாக்டரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. எனக்கு நான்கும் ‘ஆம்’. அப்போதும் ‘நான் வேலைக்கு ஒழுங்காகப் போகிறேனே’ என்று வாதாடினேன்.

கார்த்திகையில் மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருந்தேனே, அப்படியானால் நான் குடிநோயாளி இல்லைதானே என்று கேட்பவர் நம் பக்கத்தில் நிறைய. நானும் மூன்று ஆண்டுகள் மாலை போட்டவன். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றைக்கு என்ன நடந்தது என்பதுதான் அந்தக் கேள்விக்குப் பதில். கோயிலில் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொண்டவர்கள் கதையும் இதுவே. விரதம் ஒரு தேதியில் முடிந்துவிடுகிறது. அடுத்த நாள் காலைக்கு யாராவது துணை வேண்டும்.

இரண்டாம் படி: கூட்டத்துக்கு முன் டாக்டர்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். தினமும் குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் முறுக்கிக்கொள்ளும். கடைசியாகக் குடித்த ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனம் குழம்பி, இல்லாத ஆட்கள் தெரிவார்கள், சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், காய்ச்சலும் வரும். ‘காற்று கருப்பு அடித்துவிட்டது’ என்று பூசாரியிடம் கூட்டிப்போன குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். அது பேய் இல்லை, உயிரைப் பறிக்கக்கூடிய மருத்துவ நெருக்கடி. அந்த நிலையில் 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே தினக்குடி உள்ளவர், முன்பு வலிப்பு வந்தவர், காலையிலேயே குடித்தால்தான் கை நிற்கிறது என்பவர், தானாக நிறுத்தும் வீரத்தைக் காட்ட வேண்டாம். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளை டாக்டர் சில நாட்களுக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். குடியால் உடம்பில் வற்றிப்போன பி1 வைட்டமினையும் கொடுப்பார். இதெல்லாம் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் வேலை. அதன் பிறகுதான் கூட்டத்தின் வேலை ஆரம்பம்.

புதுச்சேரியில் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அதன் மனநல மருத்துவத் துறையில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. காலையில் நேரத்தோடு போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்க வேண்டும். கடலூர்க்காரர்கள் மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். ‘மனநலம்’ என்ற பலகையைப் பார்த்துப் பாதியில் திரும்பாதீர்கள். நான் ஒருமுறை திரும்பினேன். ‘பைத்தியக்காரர்கள் வரிசையில் என்னை நிற்கச் சொல்கிறார்களா’ என்று மனைவியிடம் கத்திக்கொண்டே வெளியே வந்தேன். அன்று இரவு எங்கே போனேன் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று பஸ் நிலையச் சுவர்களில் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்மையில் இருக்கிறது. அதை விழுங்கியவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இதயம் படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். நோயாளிக்கு விவரம் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிட்டால் அது மருந்து. தெரியாமல் குழம்பில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கும். அந்தப் பொட்டலங்களில் அதுதான் இருக்கிறதா, வேறேதும் இருக்கிறதா என்பதையும் யாரும் சொல்ல மாட்டார்கள். வாங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

மூன்றாம் படி: எந்தக் கூட்டம் என்று புரிந்துகொள்வது

நம் ஊரில் ‘மீட்டிங்’ என்று குடிநோயாளிகள் சொன்னால் பெரும்பாலும் ஏ.ஏ. கூட்டம்தான். முழுப்பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், குடியை நிறுத்தத் தவித்த ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கியதிலிருந்து வந்தது. இந்தியாவில் 1957இல் தொடங்கியது. அங்கே டாக்டர் கிடையாது, ஆலோசகர் கிடையாது, சம்பளக்காரர் யாரும் பாடம் நடத்துவதில்லை. குடித்துக் கெட்டவரும் நிறுத்தியவரும் நிறுத்த முயல்கிறவரும் வட்டமாக உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்கிறார்கள். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் இல்லை, விண்ணப்பம் இல்லை.

பேசினால் குடி போய்விடுமா என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்வி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை உள்ளடக்கித் தொகுத்துப் பார்த்தது. ஏ.ஏ. வழியோடு இணைக்கும் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் முழுமையாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 100க்கு 42 பேர். மற்ற சிகிச்சை முறைகளில் 35 பேர். மந்திரம் இல்லைதான். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு இது சிறிய கணக்கு இல்லை.

மருத்துவமனைகளும் மீட்பு மையங்களும் தங்களிடம் சிகிச்சை பெற்றவர்களுக்காகக் குழுக் கூட்டங்கள் நடத்துவதுண்டு. அவற்றை ஆலோசகர் நடத்துவார். இரண்டுக்கும் போகலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

நான்காம் படி: கூட்டம் நடக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது

இங்கேதான் என் நான்கு மாதம் போனது. ஏ.ஏ. விளம்பரம் செய்யாது, பெயர்ப்பலகை வைக்காது. வாடகைக்கு எடுத்த பள்ளி அறை, தேவாலயத்தை ஒட்டிய சின்னக் கூடம், ஏதோ ஒரு கட்டடத்தின் மாடி, இப்படித்தான் கூட்டம் நடக்கும். நான் கூகுளில் தேடிப் பழைய முகவரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய், பூட்டிய கதவு முன் நின்று, ‘நமக்கு இதெல்லாம் அமையாது’ என்று திருப்தியோடு திரும்பி வந்தேன். நிறுத்த வேண்டாம் என்று உள்ளுக்குள் இருப்பவனுக்குப் பூட்டிய கதவு ஒரு வரம்.

அதனால், முகவரியைத் தேடாதீர்கள், ஒரு ஆளின் குரலைத் தேடுங்கள். ஏ.ஏ.யின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் கிடைக்கும் தொடர்பு எண்ணை அழைத்து, நம் பகுதித் தொடர்பாளரைக் கேளுங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் இதை எழுதி வைத்துப் படித்தே சொல்லலாம்: “வணக்கம். குடியை நிறுத்த விரும்புகிறேன். கடலூர் பக்கம் இருக்கிறேன். தமிழில் நடக்கும் கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே? புதியவர் வரலாமா? வாசலில் யாராவது என்னைப் பார்க்க முடியுமா?” கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வாசலில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் ஓடிப்போவது கடினம்.

இரண்டாவது வழி இன்னும் சுலபம். நீங்கள் சிகிச்சைக்குப் போன மருத்துவமனையில் சமூகப் பணியாளரையோ ஆலோசகரையோ கேளுங்கள். அவர்களிடம் சிகிச்சை பெற்று இப்போது கூட்டத்துக்குப் போகும் யாராவது ஒருவர் நிச்சயம் இருப்பார். எனக்குக் கடைசியில் வழிகாட்டியது அப்படி ஒரு ஆலோசகர்தான், ஐந்து நிமிடத்தில்.

அரசு உதவி எண்கள் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 14446 போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண். 14416 டெலி மனஸ், மனநல உதவிக்கானது. இரண்டும் இலவசம். இரவில் தூக்கம் வராமல், கை தானாகச் செருப்பைத் தேடும் நேரத்தில் 14416-ஐ அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

அருகில் கூட்டமே இல்லாத கிராமத்தில் இருப்பவருக்கும், வீட்டைவிட்டுத் தனியாக மாலையில் வர முடியாத பெண்களுக்கும் இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன. தமிழில் நடப்பவற்றைத் தொடர்பாளரிடமே கேட்கலாம். பெண்கள் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: கூட்டத்தில் வேறு பெண்கள் வருகிறார்களா என்று. குடிக்கும் ஆணை ஊர் ‘பாவம்’ என்கிறது. குடிக்கும் பெண்ணுக்கு ஊர் வைத்திருக்கும் சொல் வேறு. முதல் கூட்டத்தில் உங்களை அழைத்துப் போய் உட்கார வைக்க ஒரு பெண் உறுப்பினர் இருந்தால் பாதி பயம் போகும்.

ஐந்தாம் படி: சொந்த ஊரா, அடுத்த ஊரா

யார் வந்தார் என்று வெளியே சொல்லாமல் பெயரைக் காப்பது ஏ.ஏ.யில் ஒரு மரபு. ‘இங்கே பார்த்ததும் கேட்டதும் இங்கேயே இருக்கட்டும்’ என்று சொல்லித்தான் கூட்டம் முடியும். இருந்தாலும் திருப்பாதிரிப்புலியூரில் கடை வைத்திருப்பவர் திருப்பாதிரிப்புலியூரிலேயே கூட்டத்துக்குப் போகக் கூசுவது இயல்பு. நான் புதுச்சேரிக்குப் போனேன். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஏழாவது வாரத்தில் கூட்டத்துக்குள் நுழைந்தவர் எங்கள் தெருக்காரர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து ஒரு நிமிடம் உறைந்து நின்றோம். அவர் என்னை ஏன் காட்டிக்கொடுப்பார்? அவரும் அங்கேதானே வந்திருக்கிறார்.

என் கருத்து: முதல் மூன்று மாதம் கூச்சம் குறைவான ஊரில் போங்கள். அதன் பிறகு பக்கத்தில் இருக்கும் குழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் மழை அடித்து ஊற்றும் கார்த்திகை மாலையில் 22 கிலோமீட்டர் ஒரு நல்ல சாக்கு.

ஆறாம் படி: முதல் நாள்

குடிக்காமல் போங்கள். குடித்திருந்தாலும் உள்ளே வந்து அமைதியாக உட்கார்ந்திருப்பவரைப் பொதுவாக யாரும் வெளியே தள்ள மாட்டார்கள், அன்று மட்டும் பேசாமல் இருக்கச் சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசித்த வயிறு குடியைத்தான் நினைக்கும். பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் வழியில் சரக்குக் கடைகள் இருந்தால் ஆட்டோ பிடியுங்கள். ஆட்டோ காசு குவார்ட்டர் காசைவிடக் குறைவு.

கூட்டத்தில் திறந்தது, மூடியது என்று இரண்டு வகை. திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், நண்பர் யாரும் கூட வரலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். துணை இல்லாமல் முடியாது என்றால் முதலில் திறந்த கூட்டத்தைக் கேட்டுப் போங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் டீ. ஒருவர் தலைமை வகிப்பார், அவரும் ஒரு குடிநோயாளியே. சிறிது நேரம் மௌனம். ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு சிறு பகுதியும், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்துள்ள பன்னிரண்டு படிகளும் வாசிக்கப்படும். பிறகு ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கிப் பகிர்வார். மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள். நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், புத்திமதி சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் ஐந்து பேர் உட்கார்ந்த இடத்தில் ஒருவர் பேச நான்கு பேர் கேட்பதை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் முடியும். கடைசியில் எழுந்து நின்று மன அமைதிக்கான ஒரு சிறு பிரார்த்தனை.

உங்கள் முறை வந்தால் “இன்று கேட்க வந்திருக்கிறேன்” என்று சொன்னால் போதும். குடிநோயாளி என்று சொல்லிக்கொள்ள வேண்டிய கட்டாயம் கிடையாது. உண்மைப் பெயர் சொல்லவும் கட்டாயம் கிடையாது. நான் ஐந்து கூட்டம் வாயே திறக்கவில்லை. ஆறாவதில் ஒரு மீனவர், மகளின் காதுகுத்துக்குச் சேர்த்த பணத்தை எடுத்துக் குடித்ததைச் சொன்னார். நானும் ஒரு காதுகுத்துப் பணத்தைத் தொட்டவன். அன்று என் நாக்கு தானாகத் திறந்தது.

ஒரு பை சுற்றி வரும். விரும்பினால் பத்து ரூபாய் போடுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் தள்ளுங்கள். அறை வாடகைக்கும் டீக்கும் அதுதான். உறுப்பினர்கள் கொடுப்பதைத் தவிர வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் மரபு. அதனால் யாராவது ‘சேர்க்கைக் கட்டணம்’ கேட்டால் நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள்.

கடவுள் விஷயம்

தேவாலயக் கூடத்தில் நடக்கிறதே, மதம் மாற்றுவார்களோ என்று பயந்தேன். கட்டடம்தான் தேவாலயத்துடையது, வாடகை எங்களுடையது. அந்தப் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும், ‘நாம் புரிந்துகொண்டபடி’ என்ற ஒட்டோடு. எங்கள் குழுவில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார். “உங்களுக்கு மேலே இருப்பது முருகன், எனக்கு மேலே இருப்பது இந்தக் கூட்டம்” என்பார். ஆண்டுகளாகத் தொடவில்லை, பிரார்த்தனை நேரத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஏழாம் படி: ஒட்டிக்கொள்வது

ஒரே ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். குழுவுக்குக் குழு முகம் மாறும். ஒன்றில் பெரியவர்கள் அதிகம், ஒன்றில் பேச்சு நீளம், ஒன்றில் சிரிப்பு. குறைந்தது மூன்று குழுக்களையாவது பார்த்துவிட்டு ஒன்றைச் சொந்தக் குழுவாக வைத்துக்கொள்ளுங்கள். 90 நாளில் 90 கூட்டம் என்று ஏ.ஏ.யில் ஒரு பேச்சு உண்டு. நம் ஊரில் தினமும் கூட்டம் கிடைப்பது சிரமம். நேரில் இரண்டு, இணையத்தில் இரண்டு, மற்ற நாட்களில் ஒரு போன். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

போன் என்பது ஸ்பான்சருக்கு. சில ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கும் ஒருவரை, பொதுவாக ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், நீங்களே கேட்டுத் தேர்ந்துகொள்வது. அவர் குரு இல்லை, வட்டிக்கடைக்காரரும் இல்லை. பணம் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு நாக்கு ஊறும்போது அழைப்பதற்கான ஆள், அவ்வளவுதான். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எது இப்போது இருக்கிறது என்று என் ஸ்பான்சர் முதலில் கேட்பார். பாதி நாள் பதில் பசிதான். “இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்ப அழையுங்கள்” என்பார்.

தேவனாம்பட்டினத்தில் மாசிமகம், பங்காளி வீட்டுச் சாவு, நண்பனின் மகன் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, இவை மூன்றும் எங்கள் குழுவில் அதிகம் பேர் வழுக்கிய இடங்கள். போகாமல் இருக்க முடியாது. தனியாகப் போகாதீர்கள், இரவு தங்காதீர்கள், கையில் எப்போதும் ஒரு டம்ளர் மோரோ சோடாவோ இருக்கட்டும். காலிக் கையைப் பார்த்தால்தான் ஊற்றுவார்கள்.

வழுக்கினால்? மறுநாளே திரும்பிப் போங்கள். நான் எட்டாம் மாதத்தில் வழுக்கினேன், மூன்று வாரம் முகம் காட்டவில்லை. அந்த மூன்று வாரத்தில்தான் அதிகம் குடித்தேன். திரும்பிப் போனபோது டீ ஊற்றுகிறவர் கேட்டது ஒன்றே: “சர்க்கரை போடலாமா?”

வீட்டாருக்கு

குடிப்பவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக ஓர் அமைப்பு 1951இலிருந்து இருக்கிறது. ஏ.ஏ. தொடர்பாளரிடமே கேட்டால் சொல்வார். என் மனைவி எனக்கு முன்பே ஒன்றில் சேர்ந்திருந்தார். நான் வாந்தி எடுத்ததைக் கழுவுவதையும், நான் வேலை பார்த்த கடைக்கு ‘காய்ச்சல்’ என்று போன் செய்வதையும் அவர் ஒருநாள் நிறுத்தினார். கொடுமைக்காரி என்று நினைத்தேன். அந்த ஆலோசகரைத் தேடி நான் போனது அந்த வாரத்தில்தான்.

ஆத்திரத்தில் ஒரு காரியம் மட்டும் செய்துவிடாதீர்கள். ஆட்களை அனுப்பித் தூக்கத்தில் கட்டித் தூக்கிப்போகும் ‘மறுவாழ்வு மையங்கள்’ உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவரை அப்படி ஒரு இடத்தில் அடித்து, முதுகில் தழும்போடு அனுப்பினார்கள். வெளியே வந்த அன்றே குடித்தார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடியால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. அத்தகைய நோயாளிகளை வைத்துச் சிகிச்சை தரும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், எந்த டாக்டர் வருகிறார், எந்தெந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள், நோயாளியைப் பார்க்க எப்போது அனுமதி என்று கேளுங்கள். இவற்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். மாலைக் கூட்டத்துக்குக் கடலூரிலிருந்து வருகிறவர்கள் திரும்பும் பஸ் நேரத்தைப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறித்த நேரத்தில் முடிந்துவிடும். வெளியே டீக்கடையில் நின்று பேசும் பேச்சு லேசில் ஓயாது. திரும்பும் பஸ்ஸில் முள்ளோடை வரும்போது பேசிக்கொண்டிருக்க ஒரு ஆள் அந்த டீக்கடையில்தான் கிடைப்பார்.